இருபது வளைவும் இரண்டு மருந்தும்

சேலத்திலிருந்து ஏற்காடு வழியாக நாகலூர் போகும் பஸ்ஸில் கிறிஸ்துதாஸ் பதினாறு வருஷமாகக் கண்டக்டர். அத்தனை வருஷத்தில் அடுத்தவர்கள் வாந்தி எடுத்துப் பார்த்திருக்கிறாரே தவிர, அவருக்கு ஒரு நாள்கூடக் குமட்டியதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கம்பியைப் பிடிக்காமல் நின்றபடியே டிக்கெட் கிழிப்பார். அடிவாரத்தில் வண்டி நிற்கும்போதே ஆட்களின் முகத்தை ஒரு நோட்டம் விட்டு, யார் எந்த வளைவில் வாந்தி எடுப்பார்கள் என்று டிரைவர் ஐயாக்கண்ணுவிடம் சொல்லிவிடுவார்.

"மூணாவது சீட்டுப் புதுப்பொண்ணு ஏழுங்கண்ணா. அந்தக் கண்ணாடிக்காரரு பன்னெண்டத் தாண்ட மாட்டாரு."

பெரும்பாலும் அப்படியேதான் நடக்கும். அதற்குள் அவர்களை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்து, கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழமும் கொடுத்திருப்பார்.

1987 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகலூரில் தன் வீட்டில் பூசைக்குப் புறப்படச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தவரின் கைக்கு, கழுத்தின் இடது பக்கம் நெல்லிக்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்காததால் அவர் அதை விட்டுவிட்டார். மனைவி சாந்தாமேரி விடவில்லை. எஸ்டேட் கிடங்கில் காபிக் கொட்டை பொறுக்குகிற வேலை அவளுக்கு. கூடையில் ஒரு கறுப்புக் கொட்டை கிடந்தாலும் அதை எடுத்துப் போடாமல் அவள் கை நகராது. ஒரு மாதம் நச்சரித்து, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டாக்டர் அற்புதம் என்று ஒரு பெண்மணி. முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டியில் ஒரு துளியை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"புற்றுநோய்தான். ஆனா இந்த வகை குணமாகக்கூடியது. பத்துப் பேருக்கு இதே மருந்து குடுத்தா ஏழு பேர் பிழைச்சுக்கறாங்க."

"அந்த ஏழுல நானும் ஏறிக்கறனுங்க டாக்டரம்மா," என்றார் கிறிஸ்துதாஸ்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாந்தாமேரிக்கு அழுகை வந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, மொத்தம் பன்னிரண்டு. வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார். முதல் ஊசி போட்டுக்கொண்டு, வழக்கமான வாந்தி மாத்திரையையும் விழுங்கிவிட்டு, அவர் தன் பஸ்ஸிலேயே பயணியாக ஏறி உட்கார்ந்தார். இரண்டாவது வளைவிலேயே குடலைப் புரட்டியது. அந்த வழியில் அவர் டிக்கெட் கொடுக்காத முகம் ஒன்றுகூட இல்லை. அத்தனை பேர் பார்க்க, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஊர் வரைக்கும் எடுத்துக்கொண்டே போனார். ஐயாக்கண்ணு நான்கு இடத்தில் வண்டியை நிறுத்தினார். பின் சீட்டிலிருந்து யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார்கள். வாந்தியைவிட அந்தப் பழம்தான் அவருக்குப் பெரிய அடி.

அடுத்த தடவை மூன்றாவது வளைவு. வீட்டுக்கு வந்து மூன்று நாள் கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. போட்டுப் பார்த்த யூனிபார்ம் சட்டை தோளில் தொங்கியது. மூன்றாவது ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் போய்க் கைகூப்பினார்.

"போதுமுங்க. நோவுல போனாலும் போறனுங்க, இந்த ஊசி எனக்கு வேண்டாமுங்க."

"இங்கேயே படுத்துக்கோங்க. மலையேற வேண்டாம்."

"இங்க இந்த வாசனைக்கே வருதுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்த வாந்திக்கு ஒரு செடியில் மருந்து இருக்கிறது, அதை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்ய இப்போதுதான் அரசாங்க அனுமதி வந்திருக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்.

"என்ன செடிங்க?"

"கஞ்சா."

கிறிஸ்துதாஸ் எழுந்தே நின்றுவிட்டார். அவர் பஸ்ஸில் பீடி பிடித்தவனையே வழியில் இறக்கிவிட்டவர். மூட்டையில் கஞ்சா கொண்டு வந்த ஒருவனை அடிவாரத்துச் செக்போஸ்டில் கையோடு பிடித்துக் கொடுத்து மேலதிகாரியிடம் பாராட்டுக் கடிதம் வாங்கியவர்.

"உட்காருங்க, புகைக்கச் சொல்லல," என்றார் டாக்டர். "ரெண்டு விதமா மருந்து இருக்கு. செடியில இருக்கிற ஒரே ஒரு சரக்கை மட்டும் தனியாப் பிரிச்சு, அளந்து, எண்ணெயில கலந்து வெச்சது ஒண்ணு. வெளிநாட்டிலிருந்து வருது. இன்னொண்ணு, பூவையும் இலையையும் அப்படியே சாராயத்தில ஊறப்போட்டு இறக்கின சத்து. அதுல அந்த ஒண்ணு மட்டுமில்ல, இன்னும் ஐம்பது அறுபது சரக்கு சேர்ந்தே இருக்கும். எது நல்லதுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது. ரெண்டையும் ஒரே மாதிரி மாத்திரைக் கூட்டுல அடைச்சு, சிவப்பு டப்பா, நீல டப்பான்னு மாத்தி மாத்தித் தருவோம். எதுல எது இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மருந்து கலக்கிற ஜெயமேரிக்கு மட்டும்தான் தெரியும்."

"உங்களுக்குமே தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா எனக்குப் பிடிச்ச பக்கம் சாஞ்சுடுவேனே!"

இந்தப் பதில் கிறிஸ்துதாஸுக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் சாந்தாமேரி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, கஞ்சா குடிச்சுப்போட்டு எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போறதுங்க?" என்றவள், வெளிநாட்டு மாத்திரைக்குள் இருப்பது நல்லெண்ணெய் என்று தெரிந்ததும் இன்னும் கோபப்பட்டாள். "நல்லெண்ணெய் வாங்கறதுக்கா அவ்வளவு தூரம் போனாங்க? நம்ம ஊட்டுல இல்லாத எண்ணெயா?" மறுநாள் காலை டாக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதச் சாப்பிட்டா மனுசன் கஞ்சி குடிப்பாரா?"

"குடிப்பாருன்னுதான் சொல்றாங்க சாமி."

"அப்பக் குடும்மா."

ஆராய்ச்சிக்கென்று ஒரு நோட்டு கொடுத்தார்கள். குமட்டல் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எழுத வேண்டும். கிறிஸ்துதாஸ் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"எனக்கு இந்தப் பத்து ஒண்ணும் புரியிலீங்க. வளைவுக் கணக்குல எழுதட்டுங்களா?"

"எழுதுங்க. எனக்கு இருபதுக்குக் கிடைச்சா லாபம்தான்," என்றார் டாக்டர்.

முதலில் சிவப்பு டப்பா. ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு மாத்திரை. பஸ்ஸில் ஏறினார். இரண்டு போயிற்று, மூன்று போயிற்று. பத்தும் போயிற்று. பதினாறாவது வளைவில்தான் எடுத்தார், அதுவும் கொஞ்சம். ஆனால் வழியெல்லாம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வண்டி நகரவே இல்லை என்று தோன்றியது. ஐயாக்கண்ணு தன்னோடு பேசாமல் கோபமாக ஓட்டுகிறார் என்று ஒரு எண்ணம் வந்து போகவே மாட்டேன் என்றது.

"அண்ணா, எம்மேல கோவமுங்களா?"

"எனக்கென்ன தாசு கோவம்? ரோட்டப் பாக்க வேண்டாமா?"

இரண்டு வளைவு தாண்டி மறுபடியும், "கோவம் இல்லீங்களே?" ஏற்காடு வருவதற்குள் ஐந்து தடவை கேட்டார். ஐந்தாம் தடவை ஐயாக்கண்ணுவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

அடுத்த முறை நீல டப்பா. அடிவாரத்திலேயே ஒரு ஏப்பம் வந்தது. மழையில் அழுகின பச்சிலை வாடை. இருபதாவது வளைவு வரைக்கும் வயிறு சத்தமில்லாமல் கிடந்தது. நெஞ்சும் படபடக்கவில்லை, கண் மட்டும் சொருகியது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது, பல நாளாக மறந்துபோன ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. பசி! இறங்கிப் போய் நான்கு மிளகாய் பஜ்ஜி தின்றார். மடியில் கட்டி வைத்திருந்த பழைய துண்டைத் தயாராகப் பிடித்துக்கொண்டு சாந்தாமேரி பக்கத்திலேயே நின்றாள். துண்டுக்கு வேலை வரவில்லை.

"நீலந்தானுங்க செடி," என்றார் டாக்டரிடம் போய்.

டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "எனக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னேனில்ல? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஏப்பம் சொல்லிப்போடுச்சுங்க."

உடனே ஜெயமேரியைக் கூப்பிட்டு, இரண்டு டப்பா மாத்திரையிலும் ஒரு சொட்டுப் புதினா எண்ணெய் விடச் சொன்னார். நோட்டைப் பார்த்தார். பதினாறு, இருபது. அவர் கண் மின்னியது. அதைக் கண்டு கிறிஸ்துதாஸுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. நீலம் சாப்பிட்ட அன்னிக்கு மேல மூடுபனிங்க. வண்டி ஊர்ந்து ஊர்ந்துதான் போச்சு. சிவப்பு அன்னிக்கு நல்ல வெயிலு, ஐயாக்கண்ணண்ணன் விரட்டி ஓட்டுனாரு. அதையும் பாத்துக்கோங்க. மருந்து மேல பழியப் போடக் கூடாதில்லீங்களா?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "இது எனக்குத் தோணவே இல்லையே," என்றார் மெதுவாக.

அந்தச் சனிக்கிழமை அவர் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். வளைவு என்றால் என்ன கணக்கு என்று தானே பார்க்க வேண்டுமாம். அவருக்காகவே மலையிறங்கி வந்திருந்த கிறிஸ்துதாஸ், அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தார். முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஐயாக்கண்ணுவின் காதில் "பதினொண்ணு" என்றார். டாக்டர் முதல் எட்டு வளைவுக்குக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஒன்பதாவதில் பேனாவை மூடினார். பதினொன்றாவதில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். ஏற்காட்டில் முகம் கழுவிக்கொண்டு, "நல்ல அளவுகோல்தான்," என்றார். மறு வாரத்திலிருந்து நோட்டில் டிரைவர், மழை, வெயில், உட்கார்ந்த இடம் என்று நான்கு கட்டம் கூடியது.

மே மாதம் மாரமங்கலத்துப் பாவாயி அதே ஆராய்ச்சியில் சேர்ந்தாள். சாமையும் மிளகும் போடுகிற குடும்பம். மார்பில் கட்டி எடுத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தவள். வாயைத் திறந்தால் மூடாத ஆள். இருவருக்கும் ஒரே நாளில் ஊசி. திரும்பும் வழியில் முன் சீட்டு இரண்டும் இவர்களுக்கு என்று ஐயாக்கண்ணு பிடித்து வைத்திருப்பார்.

ஒருநாள் அடிவாரத்துச் செக்போஸ்டில் புதிதாக வந்த போலீஸ்காரர் பைகளைச் சோதித்தார். சாயங்காலம் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் கிறிஸ்துதாஸின் பையில் இருந்தன. டப்பாவைத் திறந்தவர் மூக்கைச் சுளித்தார். கிறிஸ்துதாஸ் முத்திரை போட்ட கடிதத்தை எடுத்து நீட்டினார். போலீஸ்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பாதியில் அவர் முகம் மாறியது.

"இதுல சிவப்பு, நீலம்னு ரெண்டு போட்டிருக்கு, எதுய்யா கஞ்சா?"

"ரெண்டுமேங்க. ஒண்ணு முழுசு, இன்னொண்ணு அதுல பிரிச்சு எடுத்தது. எது எதுன்னு டாக்டரம்மாவுக்கே தெரியாதுங்க."

அவ்வளவுதான், பாவாயிக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. அன்று அவள் சாப்பிட்டது நீலம். போலீஸ்காரர் முறைத்தார், அதற்கும் சிரித்தாள். பஸ்ஸே சிரித்தது. கடைசியில் அவருக்கும் உதடு துடிக்க, கடிதத்தை மடித்துக் கொடுத்து, "போங்க, போங்க," என்று கையை வீசினார். எட்டாவது வளைவு வரைக்கும் பாவாயி நிறுத்தவில்லை. அதன் பிறகு தூங்கியவள், மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள்.

"எனக்கு இந்த நீலம் ஆவாதுங்கண்ணா," என்றாள் அடுத்த தடவை. "ஒட்டுக்கா ஒரு பகலு போச்சு. களை எடுக்க யாரு வருவா? சிவப்புன்னா வாந்தியும் வரதில்ல, வேலையும் பாக்க முடியுது."

"எனக்கு நெஞ்சு அடிக்குதே பாவாயி?"

"எனக்கு அடிக்கறதில்லீங்களே!"

இதை இருவரும் டாக்டரிடம் ஒரே நேரத்தில் சொல்லப்போக, அவர் யார் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் எழுதினார்.

அதற்கடுத்த ஊசியில் கிறிஸ்துதாஸுக்கு நீலம். நம்பிக்கையாக உட்கார்ந்தார். நான்காவது வளைவிலேயே போயிற்று எல்லாம். அன்று ஐயாக்கண்ணுதான் ஓட்டினார், பனி இல்லை, சீட்டும் அதே சீட்டு. நோட்டில் நான்கு என்று எழுதும்போது அவருக்கு யாரோ கூட இருந்தவன் ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

செடிச் சத்தில் அந்த மாதம்தான் புதுச் சரக்கு வந்திருந்தது என்று ஜெயமேரி சொல்ல, டாக்டர் அதில் கொஞ்சம் ஒரு சோதனைச் சாலைக்கு அனுப்பிவைத்தார். பதில் வர இருபது நாள் ஆயிற்று. முந்தினதில் இருந்த வீரியத்தில் பாதிகூட இல்லை. செடி வேறு பருவத்தில் அறுத்தது, காய வைத்த விதமும் வேறு.

"முழுச் செடியில இதுதான் தொல்லை," என்றார் டாக்டர். "பிரிச்சு எடுத்த மருந்து இன்னிக்கும் நாளைக்கும் ஒரே அளவு. இது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி."

கூட வந்திருந்த சாந்தாமேரி அதுவரைக்கும் அந்த அறையில் வாயே திறந்ததில்லை. அன்று திறந்தாள். "காபியும் அப்படித்தானுங்க டாக்டரம்மா. மொதப் பறிப்பு ஒரு மாதிரி, கடைசிப் பறிப்பு ஒரு மாதிரி. நாங்க பொறுக்கிக் கலந்துதான் அனுப்பறமுங்க. நீங்களும் மொதல்லயே அளந்து பாத்து, ஒரே அளவுக்குக் கலந்து குடுத்தா என்னுங்க?"

டாக்டர் அதையேதான் செய்தார். ஒவ்வொரு புதுச் சரக்கையும் முன்கூட்டியே சோதித்து, பிரித்து எடுத்த மருந்தில் இருக்கிற அளவுக்குச் சமமாக்கிக் கொடுக்கச் சொன்னார். அதற்குள் இன்னும் நான்கு ஊசிதான் பாக்கி. நீலத்தில் இரண்டு தடவை இருபது வளைவும் தாண்டினார், பசியும் வந்தது. சிவப்பில் பதினெட்டு, இருபது. ஆனால் அந்த நெஞ்சடிப்பு மட்டும் சிவப்பை விட்டுப் போகவே இல்லை. ஐயாக்கண்ணு இப்போது பழகிவிட்டார். கிறிஸ்துதாஸ் வாயைத் திறக்கும் முன்பே, "கோவம் இல்ல தாசு, கோவமே இல்ல," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

பன்னிரண்டாவது ஊசி முடிந்தபோது கழுத்துக் கட்டி இருந்த இடம் தெரியவில்லை. படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளேயும் இல்லை. பாவாயிக்கும் நல்ல செய்தி. அவள் ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆராய்ச்சியில் இருந்த ஒன்பது பேரையும் ஒருநாள் வரச் சொல்லி, ஜெயமேரி வைத்திருந்த உறையைப் பிரித்தார் டாக்டர். கிறிஸ்துதாஸ் சொன்னதுதான் சரி: நீலம் முழுச் செடி, சிவப்பு பிரித்து எடுத்தது. ஐந்து பேருக்கு நீலம் பிடித்திருந்தது. மூன்று பேருக்குச் சிவப்பு. ஒருவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"அப்ப செடிதான் ஜெயிச்சுதுங்களா?" என்று கேட்டாள் பாவாயி, கொஞ்சம் குறையாக.

டாக்டர் வாயைத் திறந்தார். கிறிஸ்துதாஸ் முந்திக்கொண்டார். "ஒம்பது பேர வெச்சு என்ன சொல்றதுங்க? எங்க வண்டியிலயே ஐம்பத்தஞ்சு சீட்டு."

"நானும் அதைத்தான் எழுதப் போறேன்," என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. இன்னும் நூறு பேரைச் சேர்க்க அனுமதி கேட்டிருந்தார். ஆறு மாதம் கழித்து, போதைப்பொருள் பற்றிய புதுச் சட்டத்தில் அதற்கு இடம் காணோம் என்று பதில் வந்தது. மீதி மருந்தை அதிகாரிகள் வந்து எண்ணி எடுத்துக்கொண்டு போனார்கள்.

கிறிஸ்துதாஸ் 1988 மார்ச்சில் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் அடிவாரத்தில் ஐயாக்கண்ணு தேவையில்லாமல் மூன்று தடவை ஹாரன் அடித்தார். வார விடுமுறை நாட்களில் கிறிஸ்துதாஸ் தானாகவே ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போக ஆரம்பித்தார். ஊசிக்குப் பயந்து ஓடப் பார்க்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "எனக்கு ரெண்டாவது வளைவுலயே வந்துச்சுங்க," என்று ஆரம்பிப்பார். அவர்கள் சிரிக்கிற வரைக்கும் விட மாட்டார்.

1993-இல் ஒருநாள் டாக்டர் அற்புதம் அவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டு ஒரு சின்ன மருந்துக் குப்பியைக் காட்டினார். வாந்திக்கென்றே புதிதாக வந்திருக்கிற ஊசி. கஞ்சாவும் இல்லை, மயக்கமும் இல்லை. போட்டவர்கள் பாதிக்கு மேல் ஒரு தடவைகூட எடுப்பதில்லையாம்.

"இது இருந்திருந்தா நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம் கிறிஸ்துதாஸ்."

அவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

"நொம்ப நல்லதுங்க. இது பசியும் குடுக்குங்களா?"

"இல்லை. வாந்தியை மட்டும்தான் நிறுத்தும்."

"தூக்கம்?"

"அதுவும் இல்லை."

"அப்ப அந்த ரெண்டும் நம்ம பாடுங்க."

அன்று வார்டில், அந்தப் புது ஊசி போட்டுக்கொண்ட ஆத்தூர்க்காரர் ஒருவர் வாந்தியே இல்லாமல் படுத்திருந்தார். ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். கிறிஸ்துதாஸ் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு என்னென்ன பிடிக்கும் என்று விசாரித்தார். கொள்ளு ரசம் என்று வெகுநேரம் கழித்து ஒரு பதில் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சாந்தாமேரியிடம் சொன்னார். மறுநாள் முதல் பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக்கு அடியில் ஒரு தூக்குப்போசியில் கொள்ளு ரசம் மலையிறங்கியது. ஐயாக்கண்ணு ரசம் சிந்தாமல் வளைவுகளை மெதுவாகத் திருப்பினார். ஆத்தூர்க்காரர் முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு அரை டம்ளர் குடித்தார். கொஞ்சம் பொறுத்து, மீதி எங்கே என்று கேட்டார்.